புது செல் வாட்சா, பழைய எச்எம்டியா: சின்னக் கடைக்கு எது கட்டுபடியாகும்?

கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. டீலரிடம் கொடுத்துப் பேட்டரியில் ஓடும் புது செல் வாட்ச் எடுத்து அடுக்குவதா, இல்லை எச்எம்டி மாதிரி பழைய சாவி வாட்ச்களை வாங்கிச் சரிசெய்து வைப்பதா? தனியாகக் கடை நடத்தும் எங்களுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் இதே யோசனைதான். இரண்டையும் விற்கிறவன் என்பதால் இரண்டின் கஷ்டமும் தெரியும்.

புதுசில் பெரிய நிம்மதி வாரண்டி. பழுதானால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடலாம், பழி நம் தலையில் விழாது. டாடாவும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை; ஓசூர் வாட்ச் என்றால் நம் ஊர்ப் பொருள் மாதிரி. நேரமும் துல்லியம். உள்ளே குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாவி வாட்சான எச்எம்டி ஜனதாவில் முன்னும் பின்னும் ஆடும் சக்கரம், அதாவது பேலன்ஸ் வீல், நொடிக்கு 5 முறைதான் துடிக்கும். மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்க வரும் கல்யாண வீட்டாருக்கு நான் பழசைக் காட்டுவதே இல்லை.

ஆனால் விலை நம் கையில் இல்லை. கவுன்டரில் நின்றபடியே போனில் மாடல் நம்பரைத் தட்டிப் பார்க்கிறார்கள். சில நாள் ஆன்லைனில் போட்டிருக்கும் விலை, நான் டீலருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அப்புறம் எதை வைத்துப் பேரம் பேசுவது? போகாத மாடல் வருஷக் கணக்கில் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தால் செல்லும் தீர்ந்துவிடும். விற்றுவிட்டாலும், அந்த ஆள் மறுபடி வருவது 626 என்ற சின்ன பட்டன் செல் மாற்றத்தான்.

எச்எம்டி கதை வேறு. மத்திய அரசு நிறுவனமான அது 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. 2016-இல் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. நான் எடுப்பது எல்லாம் அந்தக் காலத்துப் பழசு. ஜனதா, பைலட், கோஹினூர் என எந்த மாடலானாலும் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. டயல் எப்படி, வெளிக்கூடான கேஸ் தேய்ந்திருக்கிறதா, மெஷின் சுத்தமா என்பதுதான் விலை. அதை எடைபோடுவது என் கண்ணும் கையும். இந்த வியாபாரத்தை நான் விரும்புவதற்கு அதுதான் காரணம்.

வரியிலும் ஒரு பயம் தேவையில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்து விற்பவரிடம் பில் இருக்காது. அதனால் முழு விலைக்கும் ஜிஎஸ்டி விழுமோ என்று பல கடைக்காரர்கள் ஒதுங்குகிறார்கள். பழைய பொருளை வாங்கி விற்பவருக்குத் தனி விதி இருக்கிறது. வாங்கியதில் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கவில்லை என்றால், 1,500-க்கு வாங்கி 2,500-க்கு விற்றதில் அந்த 1,000 ரூபாய்க்கு மட்டும்தான் 18 சதவீதம். விற்பவரின் அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் வாங்காமல் மட்டும் ஒரு வாட்ச்கூட எடுக்காதீர்கள். திருட்டுப் பொருள் என்றால் கடையே சிக்கிக்கொள்ளும்.

கஷ்டம் உழைப்பில். ஒரு ஜனதாவை முழுக்கக் கழற்றி, கழுவி, எண்ணெய் வைத்து, நேரம் சரியாக ஓடும்படி செய்து முடிக்க எனக்கு அரைநாள் போகும். பேலன்ஸ் வீலின் அச்சான பேலன்ஸ் ஸ்டாஃப் உடைந்திருந்தால் இன்னொரு செத்த மெஷினிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த இருப்பும் வருஷா வருஷம் குறைகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து ரீ-பெயின்ட் டயல். பழைய டயலைச் சுரண்டி, பளீர் ஆரஞ்சிலோ பச்சையிலோ அடித்து, மேலே எழுத்தை அச்சடித்து மொத்தமாக விற்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், நிமிஷக் கோடுகள் முள்ளோடு நேராக வராது. பார்க்க அழகு, வாங்கிய விலையும் மலிவு. ஆனாலும் அதை ஒரிஜினல் என்று விற்பது ஏமாற்றுதான். ஒருமுறை மொத்த வியாபாரி ஒருவரை நம்பி 10 பைலட் எடுத்தேன். 7 டயல் புதுப் பெயின்ட். அவற்றை உதிரி பாகத்துக்காகக் கழற்றினேனே தவிர, கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. பெயின்ட் டயலை விற்றே ஆக வேண்டும் என்றால் பில்லில் அப்படியே எழுதிக் கொடுங்கள்.

நடுவில் ஜப்பான் ஆட்டோமேட்டிக் இருக்கிறது, கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் சீகோ 5 மாதிரி. நல்ல மெஷின். ஆனால் புதுசாக எடுத்தால் செல் வாட்சின் அதே ஆன்லைன் விலைத் தொல்லை, போடும் பணமோ அதிகம். ஆர்டர் வந்தால் மட்டும் வரவழைக்கிறேன்.

என் கணக்கில் 50,000-இல் 20,000 புது செல் வாட்சுக்கு, அதுவும் வேகமாக ஓடும் நாலைந்து மாடலுக்கு. மீதி பழசுக்கு. பெஞ்சில் உட்கார்ந்து பழுது பார்க்கத் தெரியாத கடைக்காரர் என்றால் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். “அண்ணே, அப்பாவோட வாட்ச். ஓடல. எவ்வளவு தருவீங்க?” ஒரிஜினல் டயலோடு கோஹினூர். நல்ல லாபத்துக்குப் போகிற சரக்கு. “சர்வீஸ் பண்ணித் தர்றேன் தம்பி, ஒரு வாரம் கட்டிப் பாரு. அப்பவும் விக்கணும்னா நானே எடுத்துக்கறேன்” என்றேன். சர்வீஸ் கூலி மட்டும்தான் கிடைத்தது. நேற்று ஸ்ட்ராப் மாற்ற வந்திருந்தான், கூட ஒரு நண்பன், அவன் கையில் அவன் தாத்தாவுடைய ஜனதா.