மதுரையிலிருந்து லெஸ்பியன் குறும்படத் தொகுப்புகளைத் தேடிப் பார்ப்பது: என் அனுபவம்

சில வருடங்களாக லெஸ்பியன் குறும்படத் தொகுப்புகளைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். மதுரையில் எந்தத் தியேட்டரிலும் இவை வராது, எல்லாம் செல்போனில்தான். தேடும் பெண்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

'லெஸ்பியன்' என்று அடித்தால் ஆபாச வீடியோக்கள்தான் வரிசைகட்டி நிற்கும். அதனால் ஒரு படம் பிடித்துப்போனால் இயக்குநர் பெயரைப் பிடித்துக்கொள்வேன். அது எந்த விழாவில் ஓடியது, கூடவே வேறு என்ன ஓடியது என்று பார்ப்பேன். மும்பையில் 2010 முதல் நடக்கும் காஷிஷ், சென்னையில் நடந்த ரீல் டிசையர்ஸ், இந்த இரண்டு தன்பாலீர்ப்புத் திரைப்பட விழாக்களின் படப்பட்டியல்கள்தான் எனக்கு நிறைய கொடுத்தன. பட்டியலில் இருக்கும் படம் உடனே கிடைக்காது. இணையத்தில் வந்துவிட்ட படத்தைப் பல விழாக்கள் எடுப்பதில்லை என்பதால், விழாச் சுற்று முடியும்வரை வெளியே விடமாட்டார்கள். அப்புறம்தான் யூடியூபிலோ விமியோவிலோ வரும், இல்லையென்றால் ஒரு தொகுப்பில் சேரும். பெயரைக் குறித்துவைத்து அவ்வப்போது தேட வேண்டியதுதான்.

பிரிட்டனின் பெக்கடில்லோ பிக்சர்ஸ் 'ஹியர் கம் த கேர்ள்ஸ்' என்று வரிசையாகத் தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறது. டிவிடி வாங்க நினைத்தால் கவனம்: அந்த ஊர் டிவிடி ரீஜன் 2, நம் ஊர் பிளேயர் ரீஜன் 5, அதனால் ஓடாமல் போகலாம். இணையத்தில் வாடகைக்கு எடுப்பதிலும் வம்பு உண்டு. ஒரு தளம் பணம் வாங்கிக்கொண்ட பிறகு 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்றது. எந்தெந்த நாட்டில் ஓடும் என்பதை முதலிலேயே பாருங்கள். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருந்தால் வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும்.

வீட்டு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடும்பத்துக்கே ஒரே கணக்கு என்றால், பாதியில் நிறுத்திய படம் ஹால் டிவியில் முதல் வரிசையில் வந்து நிற்கும். தனி புரொஃபைல் வைத்து பின் நம்பர் போடுங்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்த வழக்கு, வீட்டின் எதிர்ப்புக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்குப் போன, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களுடையது. நம் ஊரில் இந்த ஜாக்கிரதை தேவைதான்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், தொகுப்பு என்ற வடிவம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். வீட்டில் தனியாகக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் ஒரு படம் முடிந்துவிடும். ஒரே ஒரு ஜோடி எல்லாப் பெண்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கதையில் அழுதால் அடுத்ததில் சிரிக்கலாம். 2000-இல் எச்பிஓ எடுத்த 'இஃப் தீஸ் வால்ஸ் குட் டாக் 2' படத்தின் முதல் கதையைப் பார்த்தே ஆக வேண்டும். காலம் 1961. பல காலம் சேர்ந்து வாழ்ந்த துணை ஆஸ்பத்திரியில் கிடக்க, சொந்தக்காரர் இல்லை என்று வனெஸா ரெட்கிரேவ் வெளியே உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்து வெகுநேரம் அழுதேன். நெட்ஃபிளிக்ஸில் 2021-இல் வந்த 'அஜீப் தாஸ்தான்ஸ்' தொகுப்பில் மூன்றாவதாக வரும் நீரஜ் கய்வானின் 'கீலி புச்சி' இன்னும் நெருக்கம். மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, கொங்கனா சென் ஷர்மாவின் கையில் மட்டும் எவர்சில்வர் டம்ளர். இரட்டைக் குவளை பார்த்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். காதலையும் சாதியையும் பிரிக்காமல் காட்டிய படம் என்பதால் இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன்.

பெரிய குறை சப்டைட்டில். ஆங்கிலத்தோடு நின்றுவிடுகிறது. திருமங்கலத்தில் இருக்கும் அக்கா ஒருவர், "நீ பக்கத்துல உக்காந்து சொன்னாத்தான்டி எனக்குப் புரியுது" என்பார். ஒரு இயக்குநருக்கு எழுதித் தமிழில் போடலாமா என்று கேட்டேன். சம்மதித்து வசனங்கள் உள்ள ஃபைலையே அனுப்பிவிட்டார். இப்போது அக்காவும் நானும் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் தன்னுடைய யூடியூப் பக்கத்திலேயே ஏற்றிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார்.