மூன்று வண்டி, ரெண்டு முதுகு: கிரீன் சர்க்கிளிலிருந்து ஏலகிரி வரை

காட்பாடி காந்தி நகரில் வீடு, ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. திருவலம் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம்தான். ஆனால் மனைவியை வேலூர் கோட்டைக்குப் பக்கத்தில் அவர் ஆபீஸில் இறக்கிவிட வேண்டும். அதனால் பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், பழைய பஸ் ஸ்டாண்ட், அப்புறம்தான் நெடுஞ்சாலை. நாளுக்கு 60 கிலோமீட்டர் பக்கம் ஆகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஏலகிரி அல்லது ஜமுனாமரத்தூர். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே வண்டி என்றுதான் மூன்றரை வருஷத்துக்கு முன்னால் சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250 வாங்கினேன்.

மச்சானிடம் பஜாஜ் டாமினார் 400 இருக்கிறது. காற்றைத் தடுக்கும் உயரமான முன்கண்ணாடி, பின்னால் கேரியர், கை மறைப்பு எல்லாம் கம்பெனியே மாட்டிக் கொடுத்த மாடல். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவரிடம் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, 2024-இல் வந்த மாற்றத்துக்கு முந்தையது. பொங்கலிலிருந்து மூவரும் சாவியை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஷோரூம் வாசலிலிருந்து ஒரு சுற்று போய் வரும் டெஸ்ட் ரைடில் தெரியாத பல விஷயம் இதில் தெரிந்தது.

முதலில் காகிதக் கணக்கு. ஜிக்ஸர் 249 சிசி, 26.5 குதிரைத்திறன், 161 கிலோ. ஆர்ஆர் 312 சிசி, 34 குதிரைத்திறன், 174 கிலோ. டாமினார் 373 சிசி, 40 குதிரைத்திறன், 193 கிலோ. மூன்றுமே ஒற்றை சிலிண்டர், ஆறு கியர். காகிதத்தில் டாமினார் ஜெயித்துவிட்டது. சரி, இப்போது தெருவுக்கு வருவோம்.

என் வண்டிக்கும் டாமினாருக்கும் 32 கிலோ வித்தியாசம். ஒரு சிப்பம் அரிசி 25 கிலோ. அதற்கு மேலேயும் ஏழு கிலோ. ஓடும்போது இந்த எடை காணாமல் போய்விடுகிறது. நின்றால் திரும்பி வருகிறது. மனைவியின் ஆபீஸ் வாசலில் சாலை சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். அங்கே முன்சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டு நிறுத்தினால் பின்னால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். முதல் நாள் டாமினாரை இழுத்தபோது பக்கத்திலிருந்த டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கேரியரைப் பிடித்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் முதலே வண்டியைத் திருப்பி நிறுத்தப் பழகிக்கொண்டேன்.

அப்புறம் சூடு. வெயிலுக்கு வேலூர் பேர்போன ஊர். அக்னி நட்சத்திரத்தில் மதியம் கிரீன் சர்க்கிளில் ஐந்து நிமிடம் மாட்டினால் மேலிருந்து சூரியனும் கீழிருந்து தாரும் சேர்ந்து வறுக்கும். டாமினாரும் ஆர்ஆரும் ரேடியேட்டர் வைத்த வண்டிகள். நிற்கும்போது காற்று கிடைக்காது, விசிறி சுற்ற ஆரம்பிக்கும், இன்ஜின் சூடு வெளியே வரும். வருகிற இடம் நம் கால்தான். மச்சான் இதற்காகவே கோடையிலும் ஜீன்ஸைத் தவிர வேறு போடுவதில்லை. ஜிக்ஸரில் குளிர்விக்கும் வேலையை ஆயிலே பார்த்துக்கொள்கிறது, இன்ஜினும் சிறியது. அதிலும் சூடு இல்லாமல் இல்லை, ஆனால் ஆபீஸ் பேன்ட்டோடு சகித்துக்கொள்ளலாம்.

ஆர்ஆரில் ஒரு விசேஷம். அதன் சிலிண்டரைப் பின்பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். காற்று முன்னாலிருந்து உள்ளே போகும், புகை பின்பக்கமாக வெளியேறும். பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து உருவாக்கிய இன்ஜின் இது. தயாராவது இதே நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி தாண்டினால் வருகிற ஓசூரில். இன்னொரு வேடிக்கை, அர்பன் மோடில் போட்டால் இந்த வண்டியின் திறன் 25.8 ஆகக் குறைந்துவிடும். அதாவது ஊருக்குள் ஆர்ஆர் ஓட்டுபவர் என் ஜிக்ஸரை விடக் குறைந்த குதிரைகளோடுதான் போகிறார். இதைச் சொன்னதிலிருந்து தம்பி ஊருக்குள்ளும் ஸ்போர்ட் மோடிலேயே வருகிறார்.

நெடுஞ்சாலையில் கதை தலைகீழ். பள்ளிகொண்டா டோலில் ஓரமாகப் புகுந்து (நமக்குத்தான் கட்டணம் கிடையாதே) ஆம்பூர் பக்கம் திரும்பியதும் டாமினாரின் அருமை தெரியும். நான்கு வழிச்சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசின் 2018 அறிவிப்பு வைத்த உச்சவரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு 40 குதிரை எதற்கு என்று நானும் கேட்டவன்தான். இரண்டு லாரிகள் பக்கத்தில் பக்கத்தில் போய், ஒன்று ஒருவழியாக வழி விடும்போது பதில் கிடைத்தது. டாமினாரில் கியரைத் தொடாமல் கைப்பிடியைத் திருப்பினால் போதும், பின்னால் ஆள் இருந்தாலும் நகர்ந்துவிடும். ஜிக்ஸரில் ஒரு கியர், பின்னால் ஆள் இருந்தால் இரண்டு கியர் இறக்க வேண்டும். லாரியைக் கடந்ததும் பக்கத்திலிருந்து அறைகிற காற்றில் 193 கிலோ அசையாது, 161 கிலோ தள்ளாடும். ஊருக்குள் திட்டிய அதே எடை.

டாமினாரின் கண்ணாடி நெஞ்சில் அடிக்கிற காற்றை எடுத்துக்கொள்கிறது. ஓசூர் வரை போய் வந்த அன்று ராத்திரி எனக்குத் தோள்வலி இல்லை. ஆர்ஆரில் அதே தூரம் போய் வந்தபோது மணிக்கட்டு இரண்டு நாள் பேசியது. தம்பிக்கு வயது இருபத்தாறு. அவருக்கு இந்த வரி புரியாது.

மலை ஏறினால் ஆர்ஆர்தான் ராஜா. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர் வைத்திருப்பார்கள். டாமினாரில் வளைவுக்கு முன்பே தயாராகி, பெரிய மாட்டைத் திருப்புவது மாதிரி திருப்ப வேண்டும். ஜிக்ஸர் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆர்ஆர் சொல்லும் முன்பே திரும்பிவிடும். பிரேக்கைத் தொட்டு, உடம்பைச் சாய்த்து, அடுத்த வளைவில் மறுபக்கம் சாய்த்து... மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்கி மறுபடி ஏறலாமா என்று தோன்றிய ஒரே வண்டி அது. அந்தத் தவறையும் ஒருமுறை செய்தேன். பெட்ரோல் பாழ், ஆனால் வருத்தம் இல்லை.

பெட்ரோல் என்றதும்: எங்கள் கைக்கு லிட்டருக்கு ஜிக்ஸர் 38, ஆர்ஆர் 30, டாமினார் 27 கிலோமீட்டர் கொடுக்கிறது. டேங்க் 12, 11, 13 லிட்டர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சர்வீஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றில் ஒரு வண்டிக்கு ஒரு சின்ன ரப்பர் பாகம் வர மூன்று வாரம் ஆனது. எந்த வண்டி, எந்த சர்வீஸ் சென்டர் என்பது எங்கள் மூவரோடு இருக்கட்டும். வாங்கும் முன் உங்கள் ஊர் சர்வீஸ் வாசலில் நிற்கிற நாலு பேரிடம் பேசுங்கள். விலை பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. டாமினாரின் 373 சிசி அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுகிறது.

பின்சீட்டுக்கு வருகிறேன். பைக் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் அங்கே உட்கார்வதில்லை. ஒரு நாள் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. வாசலில் அன்றைக்கு நின்றது ஆர்ஆர். அம்மா அந்தப் பின்சீட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார். "இது மேல இன்னா மாதிரிடா குந்தறது?" என்றார். ஆட்டோ கூப்பிட்டோம். ஜிக்ஸரில் அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து வந்திருக்கிறார், முனகலோடு. டாமினாரின் பின்சீட்டு அகலம், பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. ஆனால் அந்த உயரத்துக்கு ஏற அம்மாவுக்கு வாசல்படி வேண்டும்.

நான் ஜிக்ஸரை விற்கப் போவதில்லை. என் மாதத்தில் 25 நாள் ராணிப்பேட்டை, ஒரு நாள் ஏலகிரி. அந்த 25 நாளுக்கு இதுதான் சரி. தனியாக ஓட்டுகிற, மணிக்கட்டு வலிக்காத வயதுக்காரர் ஆர்ஆரை எடுக்கலாம். மாதம் இரண்டு முறை பெங்களூருக்கு ஜோடியாகப் போகிறவர் டாமினாரைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

வருகிற ஞாயிறு ஜமுனாமரத்தூர் என்று முடிவாகியிருக்கிறது. போளூர் வழியாகப் போய், அங்கே சாப்பிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். நேற்று ராத்திரி செயினுக்கு எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து பக்கத்தில் நின்றார். "ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார். "நான் அண்ணன் வண்டியிலயே வந்துடறேன்."