சுவரில் மாட்டும் உலக வரலாற்றுக் காலக்கோடு: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பிளஸ் ஒன்னில் வரலாற்றுப் பிரிவில் சேர்ந்த என் மகளுக்காக, சேலம் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள ஒரு எழுதுபொருள் கடையில் ஜூன் மாதம் இந்தச் சார்ட்டை வாங்கினேன். நான்கடி நீளமும் இரண்டரை அடி உயரமும் கொண்ட, லேமினேஷன் செய்த தாள். விலை 480 ரூபாய். மேல் பட்டையில் உலக வரலாற்றின் திருப்புமுனைகளும் கீழ்ப் பட்டையில் அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகளும் 1450 முதல் 1991 வரை ஆண்டு வரிசையில் செல்கின்றன. இரண்டு பட்டைகளுக்கும் நடுவே மூன்று விரற்கடை அகலத்துக்கு ஒன்றும் அச்சிடாமல் விட்டிருக்கிறார்கள்.

பாடநூலில் தனித்தனி அலகுகளாகப் படிக்கும் செய்திகள் இங்கே ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்பதுதான் இதன் பெரிய பலம். 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதும், அதே ஆண்டு ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையைத் தாக்கியதும் மூன்று மாதத்துக்குள் நடந்தவை என்பதை, தேர்வுக்காக இரண்டையும் மனப்பாடம் செய்திருந்த என் மகள் இந்தச் சுவரைப் பார்த்த பிறகே கவனித்தாள். எழுத்துகள் நான்கடி தள்ளி நின்று படிக்கும் அளவுக்குத் தெளிவாக உள்ளன; தமிழும் பெரும்பாலும் சீராக இருக்கிறது.

ஆனால் இரண்டு பட்டைகளும் கடைசி வரை ஒன்றையொன்று தொடாமலே போகின்றன. 1600-ல் மேல் பட்டையில் தொடங்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் கீழ்ப் பட்டையில் எங்கும் இல்லை. 1773-ல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்து அமெரிக்கக் குடியேறிகள் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் வீசிய 342 பெட்டித் தேயிலை அந்தக் கம்பெனியின் சரக்குதான் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், மாணவருக்கு இரண்டு கதைகளும் ஒன்றாகியிருக்கும்.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது, அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் தளபதியாக இருந்த காரன்வாலிஸ் விஷயம். 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் அவருடைய படை சரணடைந்ததோடு சார்ட்டில் அவர் மறைந்துவிடுகிறார். உடல்நலம் சரியில்லை என்று சொல்லிச் சரணடையும் நிகழ்ச்சிக்கே வராமல் தம் துணைத் தளபதியை அனுப்பிய அதே மனிதர், ஐந்தே ஆண்டுகளில், 1786-ல், வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். மூன்றாம் மைசூர்ப் போரில் தாமே படை நடத்தி, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் மூலம் திப்பு சுல்தானின் நாட்டில் பாதியை வாங்கினார்; அந்தப் பாதியில்தான் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) நம் சேலமும் இருந்தன. அமெரிக்கா அவர் கையைவிட்டுப் போன பதினோராவது ஆண்டில் சேலம் கம்பெனியின் கைக்கு வந்தது. பின்னர் இங்கே அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவரிடமே நேராக வரி கேட்கும் முறையை வகுத்தார்கள். பிற்காலத்து ரயத்துவாரி முறைக்கு நம் மாவட்டமே நாற்றங்கால். பள்ளிச் சுற்றுலாவில் சங்ககிரிக் கோட்டைக்குப் போய்வந்த பிள்ளைக்கு யார்க்டவுன் இத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல, அச்சிட்டவர்களுக்கு அந்த மூன்று விரற்கடை இடமே தாராளமாகப் போதும்.

பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1863-ஆம் ஆண்டுக் கட்டத்தில் ‘அமெரிக்கா முழுவதும் அடிமை முறை ஒழிப்பு’ என்று அச்சாகியிருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சியில் இறங்கியிருந்த மாநிலப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது; ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, டெலவேர் போன்ற மாநிலங்களின் அடிமைகளுக்கு 1865 டிசம்பரில் பதின்மூன்றாம் சட்டத் திருத்தம் உறுதியான பிறகுதான் சட்டப்படி விடுதலை கிடைத்தது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் இதை நம்பி எழுதினால் மதிப்பெண் போகும். கடைக்காரரிடம் சொன்னேன்; அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அச்சகத்துக்குத் தெரிவிப்பதாகவும் சொன்னார். மாற்றுப் பிரதி எதுவும் இல்லை.

கரீபியன் கடலில் பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹைட்டி அறவே இல்லை என்பது இன்னும் பெரிய குறை. 1791-ல் கிளர்ந்தெழுந்த அடிமைகள் 1804-ல் தனி நாடு கண்ட அந்தப் போராட்டத்தில் பிரெஞ்சுப் படை சிதைந்ததும் நெப்போலியன் வட அமெரிக்காவில் பிரான்சுக்கு இருந்த லூசியானா நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றதற்கு ஒரு முக்கியக் காரணம். சார்ட்டில் 1803-ஆம் ஆண்டு விற்பனை மட்டும், ஏன் விற்றார் என்ற கேள்விக்கு இடமின்றி, தனியே நிற்கிறது. கிளர்ச்சிக்கு முன் ஐரோப்பா குடித்த காப்பியில் பெரும்பகுதி அந்தத் தீவில் விளைந்தது. ஒரு தலைமுறை கழித்து, 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்று நான் சொல்லவில்லை. சேர்வராயன் மலைக் காப்பியைத் தினமும் குடிக்கும் வீட்டில் இரண்டும் ஒரே சுவரில் இருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

லேமினேஷன் உறுதியானது, மழைக்காலத்து ஈரச் சுவரிலும் ஓரங்கள் பிரியவில்லை. மார்க்கரால் எழுதி ஈரத்துணியால் துடைத்தாலும் அச்சு மங்கவில்லை என்பதால், இந்த மூன்று மாதத்தில் நடு வெற்றிடத்தை நாங்களே அம்புக்குறிகளால் நிரப்பிவிட்டோம். உடன் அமர்ந்து விளக்கப் பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கும் வகுப்பறைக்கும் இந்த விலை தகும். தனியாகப் படிப்பவர்கள் திருத்திய பதிப்பு வரும்வரை காத்திருப்பது நல்லது.

நாங்கள் கடைசியாகச் சேர்த்த குறிப்பு 1962-ஆம் ஆண்டுக்குரியது. அந்த அக்டோபரில் சோவியத் யூனியன் கியூபாவில் வைத்த ஏவுகணைகளால் உலகம் அணுப்போரின் விளிம்புக்குப் போனதைச் சார்ட் நன்றாகவே காட்டுகிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், செப்டம்பரில், ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, தம் 83-ஆம் வயதில் வாஷிங்டனுக்குப் போய், அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் கேட்டார். சோதனைகளுக்கு ஓரளவு தடை விதிக்கும் ஒப்பந்தம் 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தானது. அந்தக் கட்டத்தைச் சுற்றி எழுத இடமில்லாததால், என் மகள் இதை ஒரு சிறு தாளில் எழுதி, 1962-க்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.