செங்கோட்டையில் ஒரு வாலிபால் முகாம்

மே மாத லீவில் என் மகளை, ஓய்வு பெற்ற பி.டி. சார் ஒருவர் நடத்தும் வாலிபால் முகாமில் சேர்த்தேன். மாதம் 500 ரூபாய். காலை ஐந்தரைக்கே மைதானத்தில் நிற்க வேண்டும்.

சாரிடம் எனக்கு முதலில் பிடித்தது அவருடைய மூங்கில் கழி. அடிக்க இல்லை! சரியாக 2.24 மீட்டருக்கு வெட்டியது. பெண்களுக்கான நெட்டின் உயரம். தினமும் நெட்டின் நடுவில் அதை நிறுத்திப் பார்ப்பார். விரல்கடை தொய்ந்திருந்தாலும் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவார். முதல் வாரம் முழுக்கச் சுவரில் பந்தை முன்கைகளால் தட்டும் அண்டர் ஹேண்ட்தான். மகளுக்கு முன்கை சிவந்து போனது. "பந்து வர்றதுக்கு முன்னாடி கால் போவணும்லா" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே பாயிண்ட், 15 எடுத்தால் செட் என்றிருந்த காலத்திலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர். இப்போது ஒவ்வொரு பந்துக்கும் பாயிண்ட், செட்டுக்கு 25. பழைய ஆட்டத்தில்தான் பொறுமை இருந்தது என்பார். கேரளத்து வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜ் பேச்சு வந்தால் மட்டும் பயிற்சி கால் மணி நேரம் நின்றுவிடும். 1986 சியோல் ஆசியப் போட்டியில் நாம் வாங்கிய வெண்கலத்தை நேற்று நடந்த மாதிரி விவரிப்பார். ஆரியங்காவு தாண்டி வரும் மலையாளப் பிள்ளைகள் அப்போது சாரை விட்டு நகர மாட்டார்கள்.

குறை? பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை. குடிதண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். அப்புறம், ஐந்து நிமிடம் தாமதித்தாலும் இரண்டு ரவுண்டு ஓட்டம். ஒரு நாள் வண்டியில் கொண்டுவிட்ட என்னையும் சேர்த்து ஓடச் சொல்லிவிட்டார்.

ஜூனில் சாரல் தொடங்கியதும் மைதானம் சேறாகி முகாம் நின்றுவிட்டது. மகள் இன்னும் வீட்டுச் சுவரில் தட்டிக்கொண்டிருக்கிறாள். சுண்ணாம்பு உதிர்கிறது.