சி-யிலேயே எல்லாமா, டி-க்குத் தனிக்குடித்தனமா?

ஓ.எஸ். போட்டுத் தரும் கடையில் லேப்டாப்பை நீட்டினால் முதலில் வரும் கேள்வி, “எத்தனை டிரைவா பிரிக்கணும் சார்?” பெரும்பாலும் நாமும் யோசிக்காமல், “சி, டி, இ… வழக்கம்போல போட்டுடுங்க” என்று சொல்லிவிடுவோம். சி-யில் விண்டோஸ், டி-யில் போட்டோ, இ-யில் சினிமா. இருபத்தைந்து வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் டிஸ்க்) உள்ள விண்டோஸ் லேப்டாப்பைப் பிரிக்க வேண்டாம். இரண்டு டிஸ்க் போட இடமிருந்தால் கண்டிப்பாகப் பிரியுங்கள், ஆனால் டிஸ்க் வாரியாக. லினக்ஸ் என்றால் கணக்கு வேறு.

இந்தப் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. விண்டோஸ் 95 முதலில் வந்தபோது இருந்த ஃபேட்16 என்ற ஃபைல் சேமிப்பு முறை ஒரு பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கில் பிரித்த ஒரு துண்டுக்கு) 2 ஜிபிக்கு மேல் தாங்காது. அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கினால் துண்டு போட்டே ஆகவேண்டும். 2 ஜிபி பார்ட்டிஷனில் இரண்டு வரிக் கடிதம்கூட 32 கேபி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், சின்னச் சின்னதாகப் பிரிப்பது சிக்கனமாகவும் இருந்தது. 1996-இல் ஃபேட்32 வந்து அந்தக் கட்டாயம் போனது, பழக்கம் போகவில்லை. எக்ஸ்பி காலத்தில் வைரஸ் வந்தாலே சி-யை ஃபார்மட் அடிப்பார்கள், டி தப்பிக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு லாபமும் உண்டு. தட்டின் வெளிவட்டத்தில் படிக்கும் வேகம் அதிகம். முதலில் உருவாக்கும் சி-க்கு அந்த இடம் கிடைக்கும்.

எஸ்எஸ்டியில் உள்வட்டமும் இல்லை, வெளிவட்டமும் இல்லை. “சி-யில அடிக்கடி எழுதுறதால அந்தப் பக்கம் சீக்கிரம் தேஞ்சிடும், பிரிச்சு வெச்சா டி தப்பிக்கும்” என்று சிலர் சொல்வது தவறு. பார்ட்டிஷன் கோடு எங்கே போகிறது என்பதைப் பற்றி எஸ்எஸ்டியை உள்ளிருந்து நடத்தும் கன்ட்ரோலர் கவலைப்படுவதே இல்லை. எழுதும் வேலையை எல்லாச் சிப்புகளிலும் பரப்பிவிடும். ஆக, வேகம், ஆயுள் என்ற இரண்டு காரணங்களும் எஸ்எஸ்டியில் அடிபட்டுப் போகின்றன. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: விண்டோஸைப் புதிதாகப் போடும்போது நம் ஃபைல்கள் தப்பிக்குமா?

டி இருந்தால் தப்பிக்கும், அதில் வைத்தவை மட்டும். அங்கேதான் இடறுகிறது. பலருடைய கம்ப்யூட்டரில் டி காலியாகவும் சி சிவப்பாகவும் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, ஆதார் ஸ்கேன், பிள்ளையின் மார்க் ஷீட் எல்லாம் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும்தான் கிடக்கும். அவை இரண்டும் சி-யில் இருக்கும் ஃபோல்டர்கள். குரோமின் புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் சி-யில் ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் இருக்கின்றன. நிறுவிய எழுத்துருக்களும் அப்படியே. பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய ஃபைல் டி-யில் பத்திரமாக இருக்கும். எழுத்துரு சி-யோடு போயிருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். டேலி வைத்திருப்பவர்கள் கம்பெனி டேட்டா எந்தப் பாதையில் சேமிப்பாகிறது என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். “டி-யிலதான் இருக்கும்” என்ற நம்பிக்கைக்கு ஃபார்மட் அடித்த பிறகு மதிப்பில்லை.

புரோகிராம்களை டி-யில் நிறுவிக்கொண்டால் மறுபடி போடத் தேவையில்லை என்பதும் பாதி உண்மைதான். புரோகிராம்களின் அமைப்புகளை விண்டோஸ் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி சி-யில் இருக்கிறது. அது போனால் டி-யில் இருக்கும் புரோகிராம் ஃபோல்டர் பெரும்பாலும் வெறும் கூடு. ஸ்டீம் விளையாட்டுகள்போலச் சில விதிவிலக்குகள் உண்டு.

அடுத்தது இடப் பிரச்சினை. தினப்படி வதை இதுதான். 512 ஜிபி என்று விற்ற எஸ்எஸ்டி விண்டோஸில் 476 என்று காட்டும். கடைக்காரர் சி-க்கு 100 கொடுத்து மிச்சத்தை டி-க்கு ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. அதற்குமேல் ஆபீஸ், ஹைபர்னேஷன் ஃபைல் (மெஷின் தூங்கப் போகும்போது மெமரியில் உள்ளதை எழுதிவைப்பது), பெரிய அப்டேட் வந்தால் பத்து நாள் உட்கார்ந்திருக்கும் பழைய விண்டோஸின் நகல், ஐபோன் வைத்திருந்தால் ஐடியூன்ஸ் பேக்கப். ஒரு வருஷத்துக்குள் சி மூச்சுத்திணறும், பக்கத்திலேயே டி-யில் 300 ஜிபி சும்மா கிடக்கும்.

“டி-யிலிருந்து கொஞ்சம் சி-க்குக் கொடுக்கலாமே” என்றால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யைப் பெரிதாக்க அதற்கு வலப்பக்கம் ஒட்டியே காலி இடம் இருந்தாக வேண்டும். டி-யைச் சுருக்கினால் கிடைக்கும் இடம் டி-யின் கடைசியில் போய் நிற்கும், சி-க்கு எட்டாது. டி-யையே அழிக்க வேண்டும். அதற்கு முன் டி-யில் உள்ளதை வேறெங்காவது கொண்டுபோக வேண்டும். பல மெஷின்களில் சி-க்கும் டி-க்கும் நடுவில் விண்டோஸைப் பழுது பார்ப்பதற்கான ரெக்கவரி பார்ட்டிஷன் வேறு நந்தியாக உட்கார்ந்திருக்கும். வெளி மென்பொருள்கள் டி-யையே நகர்த்தித் தருகின்றன, உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான ஜிபி நகர்ந்துகொண்டிருக்கும்போது யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு அந்தப் பட்டனைத் தொடுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே ஊகிப்பதில் மைக்ரோசாஃப்டே சறுக்கியிருக்கிறது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லாத கம்ப்யூட்டர்களிலெல்லாம் தோற்றது. அந்த அளவை வைத்தது பெரும்பாலும் விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர்.

இப்போது எதிர்க்கட்சி: எல்லாமே சி-யில். காலி இடம் முழுவதும் பொது, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய வீடியோவை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் கண்ணிமைக்கும் நேரம். பெயர்ப்பதிவு மட்டும்தான் மாறுகிறது. சி-யிலிருந்து டி-க்கு என்றால் முழு ஃபைலையும் நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். பேக்கப் எடுக்கவும் யூசர்ஸ் ஃபோல்டர் ஒன்றைக் காட்டினால் போதும்.

ஃபார்மட் பயத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே, சொந்த ஃபைல்களை வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதுப்பிக்கும் வசதி உண்டு. இப்போது ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று இருக்கும். புரோகிராம்கள் போகும், ஃபைல்கள் இருக்கும். யுஎஸ்பியிலிருந்து புதிதாகப் போட்டாலும், பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல் அதன் மேலேயே போட்டால் இன்ஸ்டாலர் பழைய யூசர்ஸ் ஃபோல்டரை ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற பெயரில் ஒதுக்கி வைக்கும். உடனே வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இருந்தாலும் டி-க்கு ஓர் இடத்தில் நியாயம் உண்டு, மறுக்க மாட்டேன். கம்ப்யூட்டரை நீங்களே பழுது பார்ப்பதில்லை, ஒவ்வொரு முறையும் கடைக்குத்தான் போகிறது என்றால், அங்கே இருக்கும் பையன் ‘விண்டோஸ்.ஓல்ட்’ பற்றியெல்லாம் யோசிக்க மாட்டான். சி-யை அழிப்பான், டி-யைத் தொடமாட்டான். அந்தக் கடைகளில் இது எழுதப்படாத சட்டம். கம்ப்யூட்டர் பழக்கமில்லாத அப்பா அம்மாவின் மெஷினில் டி வைத்து, டாக்குமென்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் அங்கே திருப்பிவிடுவது புத்திசாலித்தனம்தான்.

ஆனால் புது லேப்டாப்களில் அந்த நிம்மதியிலும் ஓட்டை விழுந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு விண்டோஸ் 11-க்குள் நுழைந்தால், பல மெஷின்களில் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்கும். அது சி-யோடு நிற்காது, உள்ளே நிரந்தரமாக இருக்கும் மற்ற டிரைவுகளையும் பூட்டும். தினமும் டி தானாகத் திறப்பது சி-யில் இருக்கும் விண்டோஸ் அதற்கான சாவியை வைத்திருப்பதால். சி-யை அழித்துப் புதிதாகப் போட்ட பிறகு டி-யைக் கிளிக் செய்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கும். அந்த அக்கவுன்டையே கடைக்காரர் ஏதோ ஒரு மெயில் ஐடியில் தொடங்கிக் கொடுத்திருந்தால்? ஃபைல்கள் டி-யில் பத்திரமாகவே இருக்கும், யாராலும் திறக்க முடியாது. டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கீயை இன்றே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

உண்மையான தனிக்குடித்தனம் என்பது இரண்டு டிஸ்க். ஒரே டிஸ்க்கில் சி, டி என்று பிரிப்பது ஒரே கூரைக்குக் கீழே தடுப்புச்சுவர் எழுப்புவதுதான். கூரை விழுந்தால் இரண்டு குடும்பமும் மண்ணுக்குள். எஸ்எஸ்டி செத்தால் டி மட்டும் பிழைத்திருக்காது. டெஸ்க்டாப் என்றால் 256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ், 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் போட்டோவும் வீடியோவும் என்பது சிக்கனமான ஏற்பாடு. போட்டோ பார்க்க ஹார்ட் டிஸ்க்கின் வேகம் போதும். லேப்டாப்பில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்; விலைப்பட்டியலில் பெரும்பாலும் போட மாட்டார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு ஜாக்கிரதை: விண்டோஸ் போடும்போது இரண்டாவது டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் இன்ஸ்டாலர் சில நேரம் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் பார்ட்டிஷனை அந்த டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். பின்னால் அந்த டிஸ்க்கை எடுத்தால் விண்டோஸே எழுந்திருக்காது.

லினக்ஸில் நம் ஃபைல்கள் இருக்கும் ‘ஹோம்’ ஃபோல்டரைத் தனிப் பார்ட்டிஷனாக வைப்பது பழைய வழக்கம், விண்டோஸின் டி-யைவிட அர்த்தமுள்ளதும்கூட. ஃபைல்கள், மென்பொருள் அமைப்புகள், பிரவுசர் புரொஃபைல் எல்லாம் ஹோமுக்குள்ளேயே இருப்பதால், சிஸ்டம் இருக்கும் ரூட்டை மட்டும் அழித்து வேறு லினக்ஸ் போட்டாலும் பழைய மேசை அப்படியே திரும்பக் கிடைக்கும். சில நேரம் பழைய செட்டிங்ஸ் புது மென்பொருளோடு மல்லுக்கட்டும். அது தனிக் கூத்து. இடச் சண்டை இங்கேயும் உண்டு. ரூட்டுக்கு 30 ஜிபி போதும் என்று ஒதுக்கினால், மென்பொருள்களைப் பொட்டலமாகக் கொண்டுவரும் ஃப்ளாட்பேக்கும் டாக்கரும் வழக்கமாக ரூட் பக்கமே கொட்டுவதால் அது சீக்கிரம் நிரம்பிவிடும்.

இதற்கு நல்ல விடை 2020-லேயே ஃபெடோரா 33 என்ற லினக்ஸில் வந்துவிட்டது. டெஸ்க்டாப் பதிப்பில் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சேமிப்பு முறையை இயல்பாக வைத்தார்கள். ரூட்டும் ஹோமும் தனித்தனி சப்வால்யூம்கள் (அளவை முன்கூட்டியே நிர்ணயிக்காத பிரிவுகள்), காலி இடம் மட்டும் இரண்டுக்கும் பொது. ஆப்பிள் 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினாவில் இதையே செய்தது: சிஸ்டம் ஒரு வால்யூம், அதில் எழுத முடியாது, உங்கள் ஃபைல்கள் இன்னொரு வால்யூம், இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மேக் வைத்திருப்பவர்கள் டி தேடவே தேவையில்லை. பிரிப்பது சரியான எண்ணம்தான். அளவை முதல் நாளே கல்வெட்டில் பொறிக்க வைப்பதுதான் கோளாறு. சாதாரண விண்டோஸ் வீட்டு மெஷினில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சி, டி என்று பார்க்காது. லேப்டாப்பைத் திருடுபவனும் பார்க்கமாட்டான். வெளியே ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் நகல் இல்லாதவர் இவ்வளவு நேரம் படித்தது வீண். முதலில் அதை வாங்குங்கள்.

அதையும் மீறிப் பிரித்தே தீருவேன் என்பவர்களுக்கு என் கணக்கு இது. 256 ஜிபி என்றால் பேச்சே வேண்டாம். 512-இல் சி-க்கு 200-க்குக் கீழே இறங்காதீர்கள், 1 டிபியில் 300. விண்டோஸ் 11-க்கு டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலை ஜிபிடி முறையில்தான் அமைக்க வேண்டும். பழைய எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எட்டாது.

டி-யை உருவாக்கிய கையோடு அதில் ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ என்று தனித்தனி ஃபோல்டர் போட்டு, அசல் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் லொக்கேஷன் டேபில் அந்தப் புதுப் பாதையைக் கொடுங்கள். ஃபோல்டர் போடச் சோம்பல்பட்டு வெறும் டி டிரைவையே காட்டிவிடாதீர்கள். டி முழுவதும் டாக்குமென்ட்ஸாக மாறி நிற்கும், திருப்பி எடுப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.