டான்யூப் ஆற்றில் ஏழு இரவுகள்: ஒரு முழங்கால் வலிக்காரியின் மதிப்புரை

எனக்கு வயது 66, என் கணவருக்கு 71. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அவர் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்து, அதே தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறிய பின்னும் அங்கேயே கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்குப் பிள்ளைகள் பாதிப் பணம் போட, மீதியை நாங்கள் சேர்த்து, சென்ற ஆண்டு மே மாத இறுதியில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை ஆற்றுக் கப்பலில் போய்வந்தோம். கப்பலுக்கு ஒரு மதிப்பெண்ணும், அந்தப் பயணத்தை எங்களுக்கு விற்ற ஈப்போ முகவருக்கு வேறொரு மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டியிருப்பதால், இரண்டையும் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

முதலில், ஏன் ஆற்றுக் கப்பல் என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பா என்றாலே எங்கள் பக்கத்தில் எல்லாரும் போவது பேருந்துச் சுற்றுலாதான். பத்து நாளில் ஏழு நாடு. விடியற்காலை ஆறு மணிக்குப் பெட்டியை அறை வாசலில் வைத்துவிட வேண்டும். அதைத் தினமும் கட்டி, தினமும் அவிழ்க்க வேண்டும். என் தங்கை அப்படிப் போய்வந்து ஒரு வாரம் படுத்துவிட்டாள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்படும் கடல் கப்பலிலும் ஒரு முறை போயிருக்கிறோம். அதில் ஆயிரக்கணக்கானோர் ஏறுவதால், சாப்பாட்டுக் கூடத்தில் இடம் பிடிப்பதே தீபாவளிக்கு முந்திய நாள் ஈப்போ லிட்டில் இந்தியாவில் நடப்பது போல இருந்தது. ஐரோப்பிய ஆற்றுக் கப்பலில் ஏறுவோர் பெரும்பாலும் இருநூறு பேருக்குள்தான். பெட்டியை ஒரு முறை அவிழ்த்தால் ஏழு நாளும் அது அப்படியே கிடக்கும். நகரங்கள்தாம் நம்மிடம் வரும். அலை இல்லை, தலைசுற்றல் இல்லை. பல ஊர்களில் கப்பலை விட்டு இறங்கினால் பழைய நகரத்திற்கு நடந்தே போய்விடலாம். வயதானவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயணம் இல்லை என்று விளம்பரத்தாளில் போட்டிருந்தது. அது பெருமளவு உண்மைதான். உண்மையில்லாத பகுதியில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

எங்கள் முகவரின் அலுவலகத்தில் இருந்த பெண் மிகவும் இனிமையானவள். எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன, படி ஏறி இறங்குவது சிரமம் என்று முதல் நாளே சொன்னேன். "கவலைப்படாதீங்க ஆண்டி, கப்பல்ல லிப்ட் இருக்கு" என்றாள். கப்பலில் லிப்ட் இருந்தது உண்மை. ஆனால் அது நடுத்தளத்திற்கும் மேல்தளத்திற்கும் இடையில் மட்டுமே ஓடியது. அவள் எங்களுக்கு எடுத்துக் கொடுத்ததோ, விலை குறைவு என்பதற்காக, கீழ்த்தள அறை. அறைக்கும் வரவேற்புக் கூடத்திற்கும் இடையில் பதிநான்கு படிகள். அவர் தோட்டத்துப் பழைய செக்ரோல் (வருகைப் பதிவேடு) போலக் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார். இரண்டாம் நாளிலிருந்து நான் படியில் ஏறி இறங்குவதையும் அதில் பதிந்தார். ஒரு நாளைக்கு எட்டு முறைக்குக் குறையவில்லை. மேலே திறந்த வெளித்தளத்திற்குப் போகவும் லிப்ட் கிடையாது, அதற்கும் படிதான். பல ஆற்றுக் கப்பல்களின் அமைப்பு இப்படித்தான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். எனவே, லிப்ட் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்தத் தளத்திலிருந்து எந்தத் தளம் வரை போகிறது என்று கேளுங்கள். கப்பலின் தளப்படத்தை அச்சிட்டுத் தரச் சொல்லி, உங்கள் அறையையும் லிப்டையும் பேனாவால் வட்டமிடச் சொல்லுங்கள். அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால், நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

கீழ்த்தள அறையைப் பற்றி நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் சன்னல் திறக்காது. சுவரின் மேற்பகுதியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, நீளவாக்கில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் நான் தலை சீவிக்கொண்டிருந்தபோது, வெளியே ஓர் அன்னம் என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. அதன் அலகின் ஆரஞ்சு நிறமும், கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பும், கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு பாசி இழையும் தெரிந்தன. பெருந்தொகை கொடுத்து மேல்தளத்தில் தங்கியிருந்தவர்களுக்கு அந்த அன்னத்தின் முதுகுதான் தெரிந்திருக்கும்.

நியூரம்பர்க்கிலிருந்து புறப்படுவதா, டான்யூப் கரையிலேயே உள்ள பாசா நகரிலிருந்து புறப்படுவதா என்பது முகவர் எங்களிடம் கேட்காத இன்னொரு கேள்வி. நியூரம்பர்க் என்று தற்செயலாக அமைந்தது எங்கள் நல்ல காலம். அங்கே கப்பல் நிற்குமிடம் ஊருக்கு வெளியே, பண்டகசாலைகளுக்கு நடுவே இருப்பதால், நகரம் பார்க்கப் பேருந்தில்தான் போக வேண்டும். ஆனால் அங்கிருந்து கெல்ஹைம் வரை கப்பல் போவது மைன் ஆற்றையும் டான்யூபையும் இணைக்க வெட்டிய கால்வாயில். 171 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டது 1992இல்தான். கப்பல் மலை ஏறுகிறது என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அங்கே அதுதான் நடக்கிறது. நீர்ப்பூட்டு என்னும் அறைக்குள் கப்பல் நுழைகிறது, பின்னால் கதவு மூடுகிறது, அடியில் தண்ணீர் புகுகிறது, கப்பல் உயர்கிறது. சில பூட்டுகளில் ஒரே தடவையில் ஏறத்தாழ 25 மீட்டர் ஏற்றம். இப்படியே படிப்படியாகக் கடல்மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்திற்குப் போய், பிறகு டான்யூப் பக்கம் இறங்குகிறது. பூட்டின் அகலம் 12 மீட்டர். கப்பலின் அகலம் பதினொன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு பக்கத்திலும் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு சாண். இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தபோது, எங்கள் கண்ணாடிக்கு வெளியே பாசி படிந்த ஈரச் சுவர் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் பயந்து எழுப்பினேன். "சுவர் இறங்கல, நாமதான் ஏறுறோம், படு" என்றார் அவர். முதல் இரண்டு இரவும் இந்தப் பூட்டுகளில் கப்பல் இலேசாக இடித்து உரசும் சத்தம் கேட்கும். தூக்கம் மெல்லியவர்கள் காதடைப்பான் கொண்டு போவது நல்லது.

பிரெஞ்சு பால்கனி என்று அழைக்கப்படும், தரையிலிருந்து கூரை வரை திறக்கும் கண்ணாடிக் கதவுள்ள அறைக்கு எங்களுக்குச் சொன்ன கூடுதல் விலை இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 6,000 வெள்ளி (ரிங்கிட்). அது வேண்டுமா என்று பலர் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். வியன்னாவில் கப்பல்கள் கரையோரம் ஒன்றை ஒட்டி ஒன்றாக நிற்கும். நடுவில் நிற்கும் கப்பலின் வழியாகத்தான் மற்றக் கப்பலின் பயணிகள் கரைக்குப் போவார்கள். அங்கே எங்களுடன் வந்த ஓர் ஆஸ்திரேலியத் தம்பதியின் பால்கனிக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு கப்பலின் பால்கனி. அவர்கள் இரண்டு நாளும் திரைச்சீலையை மூடியே வைத்திருந்தார்கள். என் கருத்தில், பால்கனி அவசியமில்லை. ஆனால் நடுத்தளம் அவசியம். இயந்திரம் இருக்கும் பின்கோடி அறையைத் தவிர்த்து, நடுத்தளத்தில் மிகக் குறைந்த விலை அறை எதுவோ அதை எடுப்பேன்.

இன்னொன்று, ஆற்றின் நீர்மட்டம். ஜெர்மனியில் ஸ்ட்ராவ்பிங்குக்கும் பில்ஸ்ஹோபனுக்கும் இடையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரத்திற்கு டான்யூபில் நீரைத் தேக்கி மட்டத்தைக் காக்கும் அணை கிடையாது. மழை பொய்த்தால் அங்கே கப்பல் தட்டிவிடும். மழை மிஞ்சினால் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. இரண்டிலும் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, தடைக்கு அப்பால் நிற்கும் வேறொரு கப்பலில் சேர்ப்பார்கள். 2018, 2022 ஆண்டுகளின் கோடையில் வறட்சியால் பல பயணங்கள் இப்படி ஆயின. எங்கள் ஒப்பந்தத்தில், இப்படி நேர்ந்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்று நான்காம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக் கிராணிதான். முகவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்கள் வாரத்தில் ஆறு ஒழுங்காக இருந்தது. பாசா நகரின் பழைய நகரமன்றச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டு வாரியாகக் கோடிட்டு வைத்திருக்கிறார்கள்; 2013 ஜூன் மாதக் கோடு அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளில் அவ்வளவு வெள்ளம் வந்ததில்லையாம். எங்கள் ஊர்ப் பிளஸ் ஆறு பெருகும்போதெல்லாம் தோட்ட அலுவலகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வந்த மனிதர், அந்தச் சுவரின் முன் வெகுநேரம் நின்றார்.

கரைச் சுற்றுலாவுக்குக் காலை எட்டரை மணிக்குப் பெரட்டு நடக்கும். தோட்டத் தொழிலாளரைக் காலையில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு; அந்தச் சொல்லை அவர்தான் பயன்படுத்தினார். அட்டை எண்ணைச் சொல்லிக் குழுவாகப் பிரிப்பது அச்சாகத் தோட்டத்துப் பெரட்டுக்களம் போலவே இருந்தது. மெதுவாக நடப்போருக்கென்று தனிக் குழு உண்டு. வெட்கப்படாமல் அதில் சேருங்கள். நான் ரேகன்ஸ்பர்க்கில் வெட்கப்பட்டு வேகக் குழுவில் போனேன். பழைய நகரம் முழுவதும் உருண்டைக்கல் பாவிய தெருக்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்பாலத்தின் பாதியிலேயே என் கால் போதும் என்றது. மெல்க் மடாலயத்திற்குப் பேருந்து ஏற்றி விடுகிறார்கள், ஆனால் உள்ளேயும் படிகள் உண்டு. வியன்னாவில் கப்பல் நிற்பது நகர மையத்தில் அல்ல, ரைக்ஸ்புரூக்க பாலத்தருகே. ஆனால் பக்கத்திலேயே யூ1 நிலத்தடி ரயில், நான்காவது நிறுத்தத்தில் புனித ஸ்டீபன் பேராலயம். அங்கே நாங்கள் பெரட்டை விட்டுவிட்டுத் தனியாகப் போனோம். பயணத்தின் மிக நல்ல நாள் அதுதான்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரம் உயர்வு, உப்புக் குறைவு, காரம் கிடையாது. எனக்கு வெள்ளிக்கிழமை சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தும், முதல் வெள்ளி கோழிச்சாற்றில் வேகவைத்த சோறு வந்தது. கேட்டதும் மன்னிப்புக் கேட்டு மாற்றினார்கள். பரிமாறிய பையன் இந்தோனேசியாவின் சுரபாயாவைச் சேர்ந்தவன். நாங்கள் மலாய் பேசுவதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பாப்பாக், மாவ் சம்பல்?" (ஐயா, சம்பல் வேண்டுமா?) என்று என் கணவரிடம் குனிந்து கேட்டான். அன்றிரவு முதல், பணியாளர் சமையலிலிருந்து சிறு கிண்ணத்தில் சம்பல் எங்கள் மேசைக்கு வந்துவிடும். வீட்டிலிருந்து உணவு கொண்டு போவோர் கவனிக்க: இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் அனுமதி இல்லை, ஊறுகாய், நெத்திலிச் சம்பல் இரண்டும் எங்களுக்குச் சிக்கலின்றிப் போயின.

மலேசியக் கடப்பிதழுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். ஆனால் திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், விமானம் மாறுவதற்கு நேரம் தாராளமாக விடுங்கள். விமானச் சீட்டைப் போகும்போது நியூரம்பர்க்கிற்கும், வரும்போது புடாபெஸ்டிலிருந்தும் போட வேண்டும். எங்கள் முகவர் முதலில் இரண்டையும் நியூரம்பர்க்கிற்கே போட்டு, மகள் சொன்ன பிறகு திருத்தினார். ஆற்றுக் கப்பல்களில் பெரும்பாலும் மருத்துவர் இருப்பதில்லை. என் கணவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பதால், மருந்தெல்லாம் கைப்பையில், மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு. காப்புறுதியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் வாங்கினோம். 70 வயதைத் தாண்டியவர் என்பதால் அவருக்குக் கட்டணம் கூடுதல்.

எல்லாம் சேர்த்து இருவருக்கும் 36,400 வெள்ளி ஆயிற்று. இதில் விமானம், புடாபெஸ்டில் கூடுதலாக ஓர் இரவு, காப்புறுதி, கடைசி நாள் பணியாளர்களுக்கு உறையில் போட்டுக் கொடுத்த அன்பளிப்பு எல்லாம் அடக்கம். அன்பளிப்பு விலையில் சேராது என்பதையும் கப்பலில்தான் தெரிந்துகொண்டோம்.

கப்பலுக்குப் பத்துக்கு எட்டரை தருவேன். பணியாளர்கள் என் முழங்காலைக் கண்டதும், மூன்றாம் நாளிலிருந்து காலைத் தேநீரை அறைக்கே கொண்டு வந்தார்கள். அது எந்த விளம்பரத்தாளிலும் இல்லை. முகவருக்குப் பத்துக்கு நான்கு. ஊர் திரும்பியதும் லிப்ட் விவரத்தை எழுதி ஒரு கடிதம் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டு உண்மையாகவே வருந்தினாள். தளப்படத்தைத் தானும் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். பின்னாலேயே, அடுத்த பயணத்திற்கு 300 வெள்ளி கழிவு என்று ஒரு சீட்டு வந்தது. அவர் அதைத் தம் நோட்டில் வரவுப் பக்கத்தில் எழுதவில்லை. நிலுவை என்று எழுதி, அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.