டியூப்லெஸ் பஞ்சர் கிட்: வாங்கும் முன் கைப்பிடியைப் பாருங்கள்

உள்ளே டியூப் இல்லாத (டியூப்லெஸ்) பைக் டயரில் ஆணி குத்தினால் நாமே ஒட்டிக்கொள்ள, கடைகளிலும் ஆன்லைனிலும் விற்கும் டியூப்லெஸ் பஞ்சர் கிட் எல்லாவற்றுக்குள்ளும் ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான்: ரீமர் என்கிற முறுக்குக் கம்பி, காது வைத்த ஊசி, துளையை அடைக்கும் பசை தடவிய ஸ்ட்ரிப் ஐந்தோ பத்தோ, ஒரு சின்ன சொல்யூஷன் (பசை) டியூப். தரம் தெரிவது கைப்பிடியில். ஸ்க்ரூடிரைவர் போல நேராக இருக்கும் பிளாஸ்டிக் கைப்பிடி பைக் டயருக்கு லாயக்கில்லை. உள்ளங்கை முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டிய வேலை இது. அழுத்தும்போது கம்பி பிளாஸ்டிக்குக்குள் சுழன்றுவிடும், அல்லது பிடியே உடையும். கம்பியும் பிடியும் உலோகமாக இருக்கிற ஆங்கில 'T' வடிவம்தான் வேண்டும். கூடுதல் விலை கொடுத்தாலும் தகும்.

அடுத்து ஊசியின் காது. அதன் நுனியில் ஒரு பிளவு இருக்க வேண்டும். ஊசியைச் சடக்கென்று வெளியே இழுக்கும்போது ஸ்ட்ரிப் அந்தப் பிளவு வழியாக நழுவி டயருக்குள் நின்றுவிடும். பிளவு ஒட்டிப்போயிருந்தால் ஸ்ட்ரிப்பும் ஊசியோடு வெளியே வந்துவிடும். புதுக் கிட்டைப் பிரித்ததும் ஒரு ஸ்ட்ரிப்பைக் கோத்து, பிளவு வழியாக வெளியே வருகிறதா என்று பார்த்து வையுங்கள்.

இந்தக் கிட் எல்லா வண்டிக்கும் ஆகாது. ஸ்போக் வீல் கொண்ட புல்லட், பழைய 411 சிசி ஹிமாலயன் போன்றவற்றில் உள்ளே டியூப் இருக்கிறது. அங்கே ஸ்ட்ரிப் செருகினால் டியூபைக் கிழிப்பதுதான் மிச்சம். டயரில் 'டியூப்லெஸ்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சாதாரண ஸ்போக் ரிம்மில் டியூப்லெஸ் டயரை மாட்டி உள்ளே டியூப் போட்டிருப்பது சகஜம். ரிம்மையும் சேர்த்துப் பாருங்கள். துளை, டயர் ரோட்டில் படுகிற, பட்டன் (ரப்பர் கட்டைகள்) இருக்கும் நடுப்பகுதியில், சுமார் 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் இது சரிவரும். பக்கச் சுவரில் குத்தியிருந்தால் ஒட்ட முயல வேண்டாம். அந்த இடம் ஓட ஓட வளைந்து கொடுப்பதால் ஸ்ட்ரிப் தங்காது.

வேலை செய்யும் முறைக்கு வருவோம். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியை மெல்ல உருட்டி, ஆணி பின்பக்கம் கை எட்டும் உயரத்துக்கு வந்ததும் கியரில் போட்டுவிட்டால் பின் சக்கரம் நகராது. ஊசியில் ஸ்ட்ரிப்பைக் கோத்து, சொல்யூஷன் தடவித் தயாராக வைத்த பிறகுதான் ஆணியைப் பிடுங்க வேண்டும். பிடுங்க கட்டிங் பிளேயர் தேவை. கிட்டில் பெரும்பாலும் இருக்காது, தனியாக வாங்குங்கள். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்து ரீமரையும் அதே சாய்வில் இறக்குங்கள்.

பெரும்பாலானோர் தோற்பது இந்த இடத்தில்தான். துளை பெரிதாகிவிடுமோ என்று பயந்து ரீமரை ஒரு தரம் குத்தி எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஸ்ட்ரிப் உள்ளே போகாமல் மடங்கி நிற்கும், அல்லது போனாலும் பிடிக்காது. ரீமரின் வேலை துளையைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குவது. முழு நீளத்துக்கும் இறக்கி ஏழெட்டு தடவை மேலும் கீழும் ஓட்டுங்கள். ரப்பருக்கு அடியில் உள்ள பெல்ட் அடுக்கில் எஃகுக் கம்பி ஓடும் ரேடியல் டயர் என்றால் இன்னும் சில தடவை கூடுதலாக. சுரண்டாமல் விட்ட கம்பி முனை ஸ்ட்ரிப்பை நாளடைவில் அறுத்துவிடும்.

இப்போது ஸ்ட்ரிப்பின் இரு நுனியும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே தெரியும்வரை ஊசியை அழுத்தி இறக்கி, முறுக்காமல், நேராகச் சடக்கென்று இழுத்து எடுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதை 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். இழுத்துப் பிடித்து வெட்டக் கூடாது. காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இன்னொரு ஸ்ட்ரிப்பைப் பக்கத்திலேயே செருகலாம்.

இந்தக் கிட்டுகளின் பெரிய குறை, காற்றடிக்க ஒன்றும் கூட வராதது. அது இல்லாமல் பாதி வேலைதான் முடியும். சார்ஜ் செய்யும் சிறிய இன்ஃப்ளேட்டர் (மின்சாரப் பம்ப்) வசதியானது. ஆனால் மாதக் கணக்கில் பெட்டியில் கிடந்தால் சார்ஜ் இறங்கிவிடும். கால் பம்ப் என்றைக்கும் கைகொடுக்கும், மூச்சு வாங்கினாலும். 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்று பைக்கின் பின் டயருக்குப் போதாது, இரண்டு மூன்று வேண்டும். குப்பி பனிபோல் குளிர்ந்துவிடும் என்பதால் துணி சுற்றிப் பிடியுங்கள். காற்றே இல்லாமல் வண்டியை ஓட்டி டயர் ரிம்மிலிருந்து விலகிவிட்டால் இவை எதுவும் உதவாது. அதைத் திரும்ப உட்கார வைக்கப் பஞ்சர் கடை கம்ப்ரஸரின் வேகம் தேவை.

அடிக்க வேண்டிய காற்றழுத்த அளவு வண்டிக்கு வண்டி மாறும். பல 150 சிசி வண்டிகளுக்கு முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ ஒட்டி இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் இன்னும் கூட்ட வேண்டும். செயின் கவர் அல்லது ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஸ்டிக்கரில் உங்கள் வண்டிக்கு உரியதைப் பாருங்கள். ஒட்டிய பிறகு 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டி, மறுநாள் காலை, ஓட்டுவதற்கு முன், மறுபடி அளந்து பாருங்கள். நீண்ட பயணம் இருந்தால் கடையில் டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து காளான் வடிவ பேட்ச் போட்டுக்கொள்வது நல்லது.

ஸ்ட்ரிப்புகளைக் காற்றுப் புகாத கவரில் வையுங்கள். சீட்டுக்கு அடியில் வெயில் சூட்டில் கிடந்து பசை காய்ந்தவை விரலில் ஒட்டாது. அப்படிப்பட்டவை துளையிலும் ஒட்டாது, தூக்கிப் போடுங்கள். சொல்யூஷன் டியூபை ஒரு தடவை திறந்தால் சில மாதங்களில் இறுகிவிடும். அதனால் புது டியூப் ஒன்றைத் திறக்காமல் எப்போதும் பையில் வைத்திருங்கள்.